குடியை விட நினைக்கும் பெண்ணுக்கு: கடலூரிலும் புதுச்சேரியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடியையோ மாத்திரையையோ புகையிலையையோ விட நினைக்கும் பெண்களுக்குத் துணையாக இப்போது மருத்துவமனைக்குப் போய்வருகிறேன். அவர்களும் அவர்களுடைய அக்கா தங்கைகளும் மகள்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நேரம் இல்லாதவர்கள் "நானே வீட்டில் நிறுத்திவிடுகிறேன்" என்று தொடங்கும் கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

பெண்களுக்கு மட்டும் என்று இலவசப் போதை மீட்பு மையம் நம் பக்கத்தில் இருக்கிறதா?

பெண்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இலவச மையத்தைத் தேடித் தேடியே நாட்களைக் கடத்திவிடாதீர்கள். முதலில் அதைத்தான் சொல்வேன். மத்திய அரசின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் நாடெங்கும் உண்டு. தங்கும் இடம், சாப்பாடு, மருந்து எல்லாம் இலவசம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்காகவே நடக்கின்றன. காரணம் எல்லோரும் அறிந்ததுதான். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் ஆண்களில் 27.3 சதவீதம் பேரும் பெண்களில் 1.6 சதவீதம் பேரும் மது அருந்துகிறார்கள். திட்டம் தீட்டுகிறவர்கள் இந்த எண்களைப் பார்த்து ஆண்களுக்குக் கட்டில் போடுகிறார்கள். தனக்கென்று கட்டில் இல்லாத இடத்துக்குப் பெண் எப்படி வருவாள்? அவள் வராததால் அடுத்த ஆண்டும் கட்டில் இல்லை. இந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

அதற்காக வழியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் பெண்கள் வார்டு தனியாக இருக்கிறது. மனநலப் பிரிவில் பெண் மருத்துவர்களும் பெண் ஆலோசகர்களும் வேலை செய்கிறார்கள். குழந்தையோடு தங்கச் சட்டம் இடம் தருகிறது. தனிக் கட்டடம் கிடைக்காவிட்டாலும் பெண்ணுக்கான தனிக் கவனிப்பைக் கேட்டுப் பெற முடியும். கேட்காத பெண்ணுக்கு அது தானாக வந்து சேர்வதில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் "இதைக் கேளுங்கள்" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் எங்கே போவது?

கடலூரில் இருப்பவர்கள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருக்கும். முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று இருந்ததுதான் அது. இப்போது மாநில அரசிடம் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வந்து பார்க்கிறார். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு அவர் வரும் நாளைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மேலும், 2025-இல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. உங்களுக்கு அருகில் உள்ள மையத்தில் பெண்களுக்கு உள்நோயாளி வசதி உண்டா என்பதை 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊருக்குள் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. கடலூரிலிருந்து ஜிப்மருக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர். உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்பதுதான் பலருக்குக் காரணம். அதில் தவறில்லை. 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளிப்போனால்தான் வாய் திறக்க முடியும் என்றால் தள்ளியே போங்கள். ஆனால் சிகிச்சை ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். வழியில் வேலையும் கூலியும் கெட்டால் மூன்றாவது முறையோடு போவதை நிறுத்திவிடுவீர்கள். அதையும் யோசித்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

போன் செய்து கேட்க இரண்டு எண்கள் உண்டு. 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண். இரண்டும் கட்டணமில்லாதவை. டெலி மானஸில் இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். எண்கள் ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போகும். மாறினாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் போனாலும் வழி சொல்வார்கள். பேச்சைத் தொடங்கும்போதே "நான் பெண், பெண் ஆலோசகரிடம் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் என்ன சொல்வது? வரிசையில் நிற்பவர்கள் காதில் விழுமே?

"மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். "தூக்கம் வரவில்லை" என்றும் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. குடிக்கிற பெண் யாருக்கும் நல்ல தூக்கம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மருத்துவமனையில் நான் கூட்டிப்போன பெண் ஒருவர் மெல்லிய குரலில் காரணத்தைச் சொன்னார். சீட்டு எழுதியவர் அதையே உரக்கத் திருப்பிக் கேட்டார். வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அந்தப் பெண் கை நடுக்கத்தை மறைக்க முந்தானையை விரல்களில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுத்துப்போயின. அன்று அவர் மருத்துவரைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். மறுபடி அவரை அழைத்துவர எனக்கு ஐந்து மாதம் ஆனது. சீட்டு எழுதுகிறவரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கதவு சாத்தியிருக்கும் அறையில் மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள். அங்கே எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்கள்.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். அன்று பணியில் ஆண் மருத்துவர் மட்டுமே இருந்தால் உடல் பரிசோதனையின்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. "சிஸ்டர், கொஞ்சம் உள்ளே வந்து நில்லுங்கள்" என்று நீங்கள் சொன்னால் எந்தச் செவிலியரும் மறுக்க மாட்டார். என் பணிக்காலத்தில் அப்படி எத்தனையோ முறை நின்றிருக்கிறேன்.

ஆலோசனை நேரத்தில் கணவரையோ மாமியாரையோ வெளியே இருக்கச் சொல்லும்படி கேட்பதும் உங்கள் உரிமைதான். குடியின் காரணமே வீட்டுக்குள் இருக்கும்போது அந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எந்தப் பெண்ணால் பேச முடியும்?

வார்டில் ஆண்களோடு படுக்க வேண்டியிருக்குமா? பாதுகாப்பு எப்படி?

அரசு மருத்துவமனைகளில் ஆண், பெண் வார்டுகள் தனித்தனிதான். மனநலப் பிரிவில் பெண் கட்டில் காலியில்லை என்றால் பொது மருத்துவப் பிரிவின் பெண்கள் வார்டில் சேர்த்து, மனநல மருத்துவர் அங்கே வந்து பார்ப்பதும் உண்டு. உடல் நிலை மோசமாக இருக்கும்போது அதுவே நல்லதும்கூட.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அந்தச் சட்டம் தரும் உரிமைகள் எல்லாம் குடியை விட வந்த பெண்ணுக்கும் உண்டு. உடல், சொல், மனம், பாலியல் என்று எந்த வகைத் துன்புறுத்தலும் இல்லாமல் இருக்கும் உரிமையும் அந்தரங்கத்துக்கான உரிமையும் அதில் இருக்கின்றன. மாதவிலக்கு நாட்களுக்குத் தேவையானதைத் தர வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. சானிட்டரி நாப்கின் கேட்கக் கூச்சப்பட்டு மூன்றாம் நாளே வீட்டுக்குக் கிளம்பிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்குச் சேர வேண்டியது.

சேரும் நாளில் நான் முதலில் பார்ப்பது கழிவறைக் கதவைத்தான். ஓரிடத்தில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் இருந்தன. உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மருந்து மயக்கத்திலும் கைநடுக்கத்திலும் இருக்கும் பெண்ணால் அது எப்படி முடியும்? அவர் இரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார். "சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று அவருடைய தாளில் எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்களுக்கான தனி உதவி என்று நாம் பெரிதாகப் பேசுவது பல நேரம் இருபது ரூபாய்த் தாழ்ப்பாளில் தொடங்குகிறது. கதவு, விளக்கு, இரவில் பெண் பணியாளர் இந்த மூன்றையும் சேரும் முன்பே கேளுங்கள்.

"நானே வீட்டில் நிறுத்திவிடுகிறேன், மருத்துவமனை எதற்கு?"

தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்கிற நிலைக்கு வந்தவர், ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வைராக்கியத்தால் இதை வெல்ல முடியாது. மூளை மதுவுக்குப் பழகிவிட்டது. அதைச் சட்டென்று பிடுங்கினால் மூளை கட்டுக்கடங்காமல் துடிக்கும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குமான காலத்தில் சிலருக்குப் பிதற்றல் வரும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

ஆண் ஒருவர் இப்படிப் பிதற்றினால் "குடியை நிறுத்தியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்று தெருவே சொல்லும். ஒரு பெண் பிதற்றினால் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். அவர் குடித்தது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்தும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். வேப்பிலை அடித்து, மந்திரித்து, மூன்றாம் நாள் இரவு எங்களிடம் கொண்டுவருவார்கள். அதற்குள் ஒரு வலிப்பு வந்து போயிருக்கும். குடியை விட்ட சில நாட்களில் பெண் பிதற்றினால் 108-ஐ அழையுங்கள். வண்டியில் ஏறியதும் "குடித்துக்கொண்டிருந்தார், இத்தனை நாளாகக் குடிக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் உயிரைக் காப்பாற்றும்.

மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் போய் "உடம்பு சோர்வாக இருக்கிறது" என்று குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சாப்பாடு இல்லாமல் குடித்த உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அது தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், நினைவு போகும்.

இன்னொன்று. "அவர் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார், நானும் அதே அளவுதானே" என்று சில பெண்கள் சொல்வார்கள். பெண் உடம்பில் நீரின் அளவு குறைவு. அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். ஈரலும் ஆண்களைவிடச் சீக்கிரம் கெடும்.

கைக்குழந்தை இருக்கிறது. விட்டுவிட்டு எப்படிச் சேர்வது?

விட வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து வழக்கமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும். வார்டுக்குப் போகும்போது உங்கள் அம்மாவோ அக்காவோ கூட இருந்தால் குழந்தைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்தான் பெரிய கவலை. சாதாரணமாக ஒரு பெண் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது குடி ஆசையால் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த பெண்களில் பலர் தள்ளிப்போட்டது "காலையில் பிள்ளைக்கு யார் சோறு கட்டிக் கொடுப்பார்கள்" என்பதற்காகத்தான். உள்நோயாளியாகச் சேர முடியாதவர்களுக்கு வெளிநோயாளியாகவே சிகிச்சை தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதற்கு முன் வலிப்போ பிதற்றலோ வந்ததில்லை, வீட்டில் பொறுப்பாக மாத்திரை எடுத்துத் தர ஓர் ஆள் இருக்கிறார் என்றால் பலருக்கு அது முடியும்.

கர்ப்பமாக இருக்கிறேன்.

இன்றே போங்கள், ஆனால் பயந்துகொண்டு போகாதீர்கள். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது. ஆனால் தினமும் குடித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாயையும் சிசுவையும் பாதிக்கும். அதனால் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஊசியாகவோ மாத்திரையாகவோ ஓபியம் வகை மருந்துக்குப் பழகியவர்களும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதற்கு மாற்று மருந்து கொடுத்துக் கவனிக்கும் முறை இருக்கிறது.

மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர் இருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரிடம் சொல்லி இன்னொருவரிடம் மறைத்தால் மருந்து மோதும். புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்தால் மனநலப் பிரிவின் சீட்டை அங்கே காட்டுங்கள். ஜிப்மரில் மகளிர், குழந்தைகள் பிரிவும் மனநலத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த வகையில் வசதி.

வீட்டுக்குத் தெரியாமல் சிகிச்சை எடுக்க முடியுமா? முதலாளிக்குச் சொல்லிவிடுவார்களா?

உங்கள் நோயைப் பற்றிய விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. வேலை கொடுப்பவருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ யாரும் சொல்லக் கூடாது. நீங்களாக விரும்பி, தெளிவோடு போய் 18 வயது நிரம்பியவராகச் சேர்ந்தால் கணவரின் சம்மதக் கையெழுத்தும் தேவையில்லை. ஆனாலும் வார்டில் துணைக்கு ஒருவர் வேண்டும் என்று கேட்பார்கள். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தங்கை, தோழி, சுய உதவிக் குழுவில் நம்பிக்கையான ஓர் அக்கா, யாரும் வரலாம்.

அம்மாவுக்குத் தெரியாமல் குழம்பில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. "குடியை மறக்கடிக்கும் பொடி" என்று சுவரொட்டி ஒட்டி விற்கிறார்கள். டைசல்பிரம் என்ற மருந்தையும் இப்படி ஒளித்துக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிர்கூடப் போகலாம். என்ன ஆகும் என்பதைத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பது ஈரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்த பிறகுதான் தெரியும்.

நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரை, வலி மாத்திரை, புகையிலை?

எல்லாவற்றுக்கும் அதே பிரிவுதான். பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது தூக்க மாத்திரை. எப்போதோ ஒரு துக்கத்தில் மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிய அல்பிரசோலம் சீட்டு நைந்து நாலாக மடிந்து பர்ஸுக்குள் இருக்கும். அதை வைத்தே ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவார்கள். இதையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு அடிமையான இளம்பெண்கள் வந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள், சேர்த்துவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளையைச் சேர்க்கும்போது அவள் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதி அப்பாவாகவோ அண்ணனாகவோ இருந்தால் ஒரு பெண் துணை எப்போதும் அவளோடு தங்க வேண்டும். இதுவும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது.

வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பெண்கள் அதைப் பழக்கம் என்றே நினைப்பதில்லை. நடவுக்குப் போகும் இடத்திலும் மீன் அங்காடியிலும் பசியை அடக்கத் தொடங்கியதாக இருக்கும். அதை விடுவதற்கு 1800 11 2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.

வீட்டில் அடி. வலி தெரியாமல் இருக்கத்தான் குடிக்கத் தொடங்கினேன். அவர்தான் ஊற்றியும் கொடுத்தார்.

இதை என்னிடம் சொன்ன பெண்கள் ஒருவர் இருவர் இல்லை. குடிக்குச் சிகிச்சை கொடுத்து அதே அடிக்குத் திருப்பி அனுப்பினால் சிகிச்சை நிற்காது. மருத்துவரிடம் காயங்களைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். சகி என்னும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம், காவல், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே நடுக்கத்துக்கு மருந்து கிடையாது. ஆகவே முதலில் மருத்துவமனை, அங்கிருந்து சகி என்ற வரிசையில் போங்கள். வழக்குப் போட வேண்டியிருந்தால் பெண் என்ற ஒன்றே போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். அதற்கு எண் 15100.

குடிக்கிற பெண்ணின் பேச்சை யார் நம்புவார்கள் என்று கேட்பீர்கள். அடிபட்ட பெண் குடித்திருந்தாலும் அடி அடிதான்.

கஞ்சா விஷயத்தில் போலீஸில் மாட்டிக்கொண்டேன். சிகிச்சைக்குப் போனால் இன்னும் சிக்கலாகுமா?

மருத்துவமனை உங்களைப் பிடித்துக் கொடுக்கும் இடமில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அதில் வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை எடுத்துவிட முடியும். விற்பனை வழக்குக்கு இது பொருந்தாது.

வீட்டார் கட்டாயப்படுத்தித் தனியார் மையத்தில் அடைத்துவிடலாமா?

இரவில் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சில பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடிவெடுக்க முடியாத அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தால் பிரதிநிதியின் வேண்டுகோளின்பேரில் சேர்க்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கும் வரையறை உண்டு. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பிரிவின்கீழ் 30 நாள்தான் உச்ச வரம்பு. சேர்க்கப்பட்டவர் பெண் என்றால் மூன்று நாட்களுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்களுக்கு அது ஏழு நாள். பெண்ணுக்கு ஆபத்து அதிகம் என்பதைச் சட்டம் எழுதியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். சங்கிலியால் கட்டுவது எந்த நிலையிலும் குற்றம்.

சேர்க்கப் போகும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மையத்தின் பதிவுச் சான்றைப் பாருங்கள், பெண் பணியாளர் இரவில் தங்குகிறாரா என்று கேளுங்கள், உங்கள் பெண்ணோடு போனில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். "முதல் மாதம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் எந்தப் பெண்ணையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? என்ன கொண்டுபோக வேண்டும்?

அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை, மாற்றுடை இரண்டு. காலையிலேயே போய்விடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

குடிப்பது நானில்லை, அவர். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு. மனநலப் பிரிவில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். உங்கள் பெயரிலேயே ஓ.பி. சீட்டு வாங்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது குடியை விட நினைப்பவர்களின் கூட்டம். அல்-அனான் என்பது அவர்களுடைய குடும்பத்தாருக்கானது. இரண்டிலும் கட்டணம் இல்லை, ஊரும் முழுப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிற பெண்ணுக்கு முதல் வகைக் கூட்டம் சங்கடமாக இருக்கலாம், பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் ஒரு பெண் துணையோடு போங்கள். பெண்கள் மட்டும் கூடும் இணையவழிக் கூட்டம் உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள்.

நாலு மாதம் விட்டிருந்தேன். போன வாரம் மறுபடி குடித்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு அங்கே போவது?

அதே முகத்தோடுதான். இந்த நோய் திரும்பி வரக்கூடியது. சர்க்கரை ஏறிவிட்டது என்று வருகிற நோயாளியை மருத்துவர் எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் உங்களையும் பார்ப்பார். எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கல்யாண வீடா, சம்பள நாளா, சண்டையா, பொங்கலுக்கு வந்த உறவா? அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தையும் ஆலோசனையையும் மாற்றி அமைக்க உதவும்.

குடித்த அந்த ஒரு வாரத்தை எண்ணி அழுகிற பெண்ணிடம் நான் நாலு மாதத்தைப் பற்றித்தான் பேசுவேன். அந்த நாலு மாதத்தில் தேதி போட்டு வாங்கிய மருந்துச் சீட்டுகள் உங்களிடம் இருக்கும். தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றையும் பழைய ஓ.பி. சீட்டையும் எடுத்துப் பையில் வையுங்கள். அடுத்த ஓ.பி. நாள் காலையில் அதே பிரிவுக்குப் போங்கள். உள்ளே போனதும் கடைசியாகக் குடித்த நேரத்தை முதலில் சொல்லுங்கள்.